எடின்பரோவில் ஓராண்டு நடை: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எடின்பரோவுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வரும் நம்மவர்களில் பலர் செப்டம்பர் மாதத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். முதல் மூன்று வாரங்கள் வங்கிக் கணக்கு தொடங்குவதிலும், வாடகைக்கு அறை தேடுவதிலும், பொன்னி அரிசியும் கறிவேப்பிலையும் கிடைக்கும் கடையைக் கண்டுபிடிப்பதிலும் கழிந்துவிடுகின்றன. மூச்சுவிட நேரம் கிடைக்கும்போது வானம் மூடிக்கொண்டிருக்கிறது. மழை விட்டதும் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். மார்ச் மாதம்வரை அப்படியே தள்ளிப்போட்டுவிட்டு, அறைக்கும் வகுப்புக்கும் இடைப்பட்ட சாலையைத் தவிர வேறொன்றும் அறியாமல், இந்த ஊர் என்றாலே இருட்டும் ஈரமும்தான் என்ற முடிவுக்கு வந்த சிலரை எனக்குத் தெரியும். வந்த முதல் வாரத்திலேயே யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. எடின்பரோவில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் அது பாதிதான். சென்னையில் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இங்கோ அந்தப் பாதி மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் தூறலாகப் பரவிக் கிடக்கிறது. ஆகவே மழை விடட்டும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார். இந்த ஊரில் நடைக்கு நேரம் குறிப்பது வெளிச்சம். அதை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் ஆண்டின் எந்த மாதத்திலும் இங்கே நடக்கலாம்.

முதலில் சூரியனின் கணக்கு

தமிழ்நாட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம் அளவில்தான் இருக்கும். அதனால் சூரியன் எப்போது மறையும் என்று நாம் யோசித்துப் பழகியதே இல்லை. எடின்பரோ நிலநடுக்கோட்டிலிருந்து 56 பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் காலை 4.30-க்கு முன்பே விடிந்து, இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் காலை 8.40-க்குச் சூரியன் எழுந்து, பிற்பகல் 3.40-க்கே மறைந்துவிடும்; ஏழு மணி நேரப் பகல்தான். அந்த ஏழு மணி நேரத்திலும் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 11 பாகைகூட ஏறாது. வீடுகளின் கூரைகளை ஒட்டியே நகர்ந்து, தெருக்களில் நீண்ட நிழல்களை விழச்செய்து, மணற்கல் சுவர்களைப் பொன்னிறமாக்கிவிட்டு இறங்கிவிடும்.

எனவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், சூரியன் மறையும் நேரத்தை வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வாரத்துக்கு அரை மணி நேரம் பகல் குறைந்துகொண்டே போகும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்துவார்கள். சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு மேல் இருட்டிய ஊர், மறுநாள் நாலரை மணிக்கு மேல் இருட்டிவிடும். அந்த ஞாயிறு பலருக்கு மனத்தைச் சட்டென்று அழுத்துகிறது. அன்று மட்டுமாவது காலை பத்து மணிக்குள் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதிவரை நடையை எப்போதும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் மதிய உணவு இடைவேளையின் இருபது நிமிட வெளிச்சத்தையும் வீணாக்காதீர்கள்.

உடுப்பு

குடையை வீட்டில் வைத்துவிடலாம். இங்கே மழையோடு காற்றும் சேர்ந்தே வரும். குடையைத் திருப்பிவிடும் அளவுக்கு வரும். உடலை ஒட்டி ஒரு கம்பளி அல்லது செயற்கை இழை உள்சட்டை, அதன்மேல் சூடு தரும் ஒரு மேற்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத தொப்பிவைத்த கோட்டு ஆகிய மூன்றும் இருந்தால் ஓராண்டு முழுவதையும் சமாளித்துவிடலாம். தடித்த ஒரே கோட்டை விட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல், ஏனெனில் ஏற்றத்தில் வேர்க்கும், உச்சியில் நடுங்கும். ஜீன்ஸ் வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் உலர நெடுநேரம் ஆகும், அதுவரை தொடையெல்லாம் விறைத்துப்போகும். பணம் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் செருப்பகத்தில் இருக்கிறது: அடியில் நன்றாகப் பிடிப்புள்ள, நீர் புகாத காலணி. கோட்டைத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில் வாங்கலாம். ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியிலும் மார்னிங்சைட் பகுதியிலும் அத்தகைய கடைகள் நிறைய உள்ளன, தரமான உடைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

பேருந்து பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்கு உட்பட்டவர்கள் உரிய அட்டை பெற்றுக்கொண்டால் பேருந்தில் இலவசமாகப் பயணம் செய்யலாம். 2022 ஜனவரி முதல் இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மற்றவர்கள் வங்கி அட்டையைத் தொட்டு ஏறலாம். காசாகக் கொடுத்தால் சரியான சில்லறையாகக் கொடுக்க வேண்டும், மீதி கிடைக்காது. இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது இந்த ஊர் வழக்கம். பல பேருந்துகளில் பின்வாசல் இல்லாததால் அவரைக் கடந்துதான் இறங்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் முதல் கோல் ஊன்றிய முதியவர்கள் வரை எல்லோரும் சொல்கிறார்கள்.

இலையுதிர் காலம்: ஆற்றோடு இறங்குங்கள்

முதல் நடைக்கு மலையைத் தேர்ந்தெடுக்காமல் ஆற்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். வாட்டர் ஆஃப் லீத் என்பது பென்ட்லண்ட் குன்றுகளில் தோன்றி, நகரத்தின் குறுக்கே ஓடி, லீத் துறைமுகத்தில் கடலில் கலக்கும் சிற்றாறு. பலெர்னோவிலிருந்து லீத் வரை அதன் கரையோரமாக ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. நகரின் பல இடங்களில் தலைக்குமேல் பேருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும்; கீழே ஆழமான பள்ளத்தாக்கில் நீரின் சத்தம் மட்டும் கேட்கும். பல ஆண்டுகள் இங்கே இருப்பவர்களே சாலையிலிருந்து எங்கே கீழே இறங்குவது என்று தெரியாமல் மேலேயே போய்வருகிறார்கள். பழுப்பு நிறக் கைகாட்டிப் பலகைகளைத் தேடுங்கள், படிக்கட்டு பக்கத்திலேயே இருக்கும்.

இந்த நடையை எப்போதும் பலெர்னோவில் தொடங்குங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். பலெர்னோ உயரத்தில் இருக்கிறது, எனவே பாதை முழுவதும் மெல்லிய இறக்கம். இரண்டாவதாக, இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வீசுகிறது. பலெர்னோ தென்மேற்கு மூலையில், லீத் வடகிழக்கு மூலையில் இருப்பதால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல உடன்வரும். எதிர்த்திசையில் நடந்தால் அதே காற்று முகத்தில் அறையும். நகர மையத்திலிருந்து 44 எண் பேருந்து பலெர்னோவுக்குப் போகிறது.

ஒரே நாளில் முழுவதையும் நடக்கத் தேவையில்லை. முதல் வாரம் பலெர்னோவிலிருந்து ஸ்லேட்ஃபோர்டு வரை போதும். இந்தப் பகுதியில் பாதை பழைய ரயில் தடத்தின்மேல் செல்கிறது. காலிண்டன் என்ற இடத்தில் ஒரு பழைய ரயில் சுரங்கம் வரும். ஒருகாலத்தில் இருட்டாகக் கிடந்த அந்தச் சுரங்கத்தின் சுவர் முழுவதும் இப்போது வண்ண ஓவியம். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் குழந்தைகளுக்காக எழுதிய ரயில் கவிதை வரி வரியாக அங்கே எழுதப்பட்டிருக்கிறது, நடந்துகொண்டே படிக்கலாம். அவருடைய தாய்வழித் தாத்தா காலிண்டன் தேவாலயத்தின் போதகர். சிறுவயதில் ஸ்டீவன்சன் விளையாடிய இடமே இது.

இரண்டாவது வாரம் நகர மையத்துக்கு மேற்கே டீன் கிராமத்தில் இறங்குங்கள். படங்களில் அழகிய சிவப்புக் கல் கட்டடமாக நீங்கள் பார்ப்பது வெல் கோர்ட். 1880-களில் ஒரு செய்தித்தாள் அதிபர் தொழிலாளர்களுக்காகக் கட்டித்தந்த குடியிருப்பு. அதற்கு முன் பல நூறு ஆண்டுகள் இந்தப் பள்ளத்தில் நீராலைகள் நகரத்துக்கு மாவு அரைத்தன. பெல்ஸ் பிரே என்ற சரிவில் நடக்கும்போது கற்களைப் பார்த்துக்கொண்டே போங்கள்: அடுப்பிலிருந்து ரொட்டியை எடுக்கும் நீண்ட துடுப்புகள் செதுக்கப்பட்ட கல் ஒன்று தென்படும். ரொட்டி சுடுவோர் சங்கத்தின் அடையாளம் அது. இன்றும் இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்; அவர்கள் வாசற்படியில் அமர்ந்து படம் எடுப்பதையும், சன்னல் வழியே எட்டிப்பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். சற்றுத் தள்ளி, பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டிய டீன் பாலம் தலைக்கு மேலே உயரத்தில் நான்கு வளைவுகளாகக் கடந்து போகும். அதைத் தாண்டினால் ஆற்றங்கரையில் ஒரு வட்டத் தூண் மண்டபம். செயின்ட் பெர்னார்ட்ஸ் ஊற்று, 1789-இல் கட்டப்பட்டது. கெட்ட நாற்றம் உள்ள அந்த ஊற்றுநீர் நோய் தீர்க்கும் என்று நம்பி ஊரார் குடித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று ஆற்றைப் பாருங்கள். நடுவில் உள்ள பாறையில் கோழிக்குஞ்சு அளவில், கரும்பழுப்பு உடலும் வெள்ளை மார்பும் உள்ள ஒரு பறவை முழங்காலை மடக்கி மடக்கி எழுந்துகொண்டிருந்தால் அதுதான் டிப்பர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீரோட்டத்துக்குள் நடந்து இறங்கிவிடும். அரை நிமிடம் கழித்து வேறொரு கல்லின்மேல் வாயில் புழுவோடு எழும். நீருக்குள்ளேயே நடந்து இரை தேடும் பறவை. அக்டோபர் கடைசியில் பீச் மரங்களின் இலைகள் செப்பு நிறமாக உதிர்ந்து அந்தப் பறவையைச் சுற்றி மிதந்து போவதை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். அந்த இலைகளே ஈரத்தில் வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், முக்கியமாகப் படிக்கட்டுகளில்.

குளிர்காலம்: சந்துகளுக்குள் செல்லுங்கள்

இந்த ஊரார் டிசம்பர் நாள் ஒன்றைச் சொல்ல வைத்திருக்கும் சொல் ட்ரீக். சாம்பல் வானம், விடாத தூறல், ஈரக் குளிர், மனச்சோர்வு ஆகிய நான்கும் அந்த ஓர் அசையில் அடக்கம். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். உடனே பேச்சு தொடங்கிவிடும். அத்தகைய நாளுக்கு ஏற்ற இடம் பழைய நகரம்.

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனைவரை ஒரே முதுகெலும்பாக இறங்கும் ராயல் மைல் சாலையைச் சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் நடக்கிறார்கள். நீங்கள் அதன் இரு பக்கமும் விலா எலும்புகள்போலப் பிரியும் சந்துகளில் நடக்க வேண்டும். குளோஸ் என்று அழைக்கப்படும் இச்சந்துகள் சில இடங்களில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்குக் குறுகியவை; உயர்ந்த கட்டடங்கள் இருபுறமும் காற்றைத் தடுத்துவிடுகின்றன. அட்வகேட்ஸ் குளோஸின் மேல்முனையில் நின்று கீழே பார்த்தால், இரு சுவர்களுக்கிடையே ஸ்காட் நினைவுச்சின்னத்தின் கரிய கோபுரம் சட்டமிட்ட படம்போலத் தெரியும். கேனன்கேட் பகுதியில் உள்ள டன்பார்ஸ் குளோஸுக்குள் நுழைந்தால், 17ஆம் நூற்றாண்டுப் பாணியில் வெட்டி ஒழுங்குசெய்த செடிவேலிகளுடன் ஒரு சிறு தோட்டம் சத்தமின்றி இருக்கும். அங்கே கட்டணம் கிடையாது. கையில் சூடான தேநீர் இருந்தால் அரை மணி நேரம் உட்காரலாம்.

இத்தகைய சிறு தோட்டங்களைப் பழைய நகரத்தில் முதலில் உருவாக்கியவர் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ். இடிந்தும் அழுக்கேறியும் கிடந்த இந்தப் பகுதியிலிருந்து வசதி படைத்தவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், 1886-இல் மனைவியோடு ஜேம்ஸ் கோர்ட் என்ற குடியிருப்பில் குடியேறி, காலி மனைகளில் பிள்ளைகளுக்காகத் தோட்டம் போட்டார். இவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. நகரமைப்பு பற்றிய தம் பெரிய கண்காட்சியைச் சென்னை மாகாண ஆளுநரின் அழைப்பின்பேரில் 1914-இல் இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பினார். அந்தக் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது, சென்னைமீது குண்டு வீசி நம் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன். அவர் மனம் தளரவில்லை. நண்பர்களின் உதவியோடு மீண்டும் படங்களையும் வரைபடங்களையும் திரட்டி 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார், சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்வையிட்டு அறிக்கையும் எழுதினார். கோட்டைக்கு அருகே வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக நிற்கும் ராம்சே கார்டன் குடியிருப்பு அவர் முயற்சியால் எழுந்தது. அதைக் கடக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தக் கப்பல் நினைவுக்கு வருகிறது.

குளிர்கால நடைக்கு எச்சரிக்கை ஒன்றுதான்: பனிப்பொழிவைவிட, முந்தைய நாள் மழை இரவில் உறைந்து கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமாகும் காலைகள் ஆபத்தானவை. அப்படிப்பட்ட நாளில் சரிவான கல் பாவிய தெருக்களைத் தவிர்த்துவிட்டுச் சமதளத்துக்குப் போங்கள். போர்டொபெல்லோ கடற்கரை இதற்கு மிகப் பொருத்தம். மூன்று கிலோமீட்டர் நீளமான நடைமேடை வடகிழக்கு நோக்கியிருக்கிறது. டிசம்பரில் எட்டரை மணிக்குப் போய் நின்றாலே கடற்கரை விடியலைப் பார்த்துவிடலாம். அந்தக் குளிரிலும் கம்பளிக் குல்லாவோடு கடலில் இறங்கிக் குளிப்பவர்களைப் பார்ப்பீர்கள். நீங்கள் இறங்க வேண்டாம். பழக்கமில்லாதவருக்கு அந்தக் குளிர்நீர் மூச்சை அடைத்துவிடும்.

வசந்தம்: பூவைத் தேடிப் போங்கள்

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் முன்னால் நகர்ந்ததும் ஊர் வேறொன்றாகிவிடுகிறது. முதலில் கோட்டைப் பாறையின் புல்சரிவில் மஞ்சள் டாஃபடில் பூக்கள். பிறகு ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ, மெடோஸ் என்ற பெரிய புல்வெளியின் நடைபாதைகளில் செர்ரி மரங்கள் வெளிர்சிவப்பாகப் பூத்துக் குடைபிடிக்கும். பலமான காற்று ஒரு நாள் அடித்தால் பூவெல்லாம் தரைக்கு வந்துவிடும், ஆகையால் பூத்த செய்தி கேட்ட அன்றே போய்விடுங்கள்.

அடுத்தது தாவரவியல் பூங்கா. 1670-இல் ஒரு சிறு மூலிகைத் தோட்டமாகத் தொடங்கி, 1820-களில் இன்றைய இன்வர்லீத் இடத்துக்கு மாறி, இப்போது 70 ஏக்கரில் விரிந்திருக்கிறது. வெளித்தோட்டத்துக்கு நுழைவுக்கட்டணம் இல்லை. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே மூடிவிடுவார்கள் என்பதையும், காற்று கடுமையாக அடிக்கும் நாளில் மரங்கள் முறியும் அச்சத்தால் திறக்கவே மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ரோடோடென்ட்ரான் வரிசை பூத்திருக்கும். உலகில் இவ்வளவு வகைகளை ஒரே ஊரில் பார்ப்பது அரிது. நீலகிரி உச்சிகளில் காட்டுப் பூவரசு என்று அழைக்கப்படும் செம்பூ மரமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றி, கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடிச் சோதனைகளையும் நடத்திய ராபர்ட் வைட் எடின்பரோவில் பயின்றவர். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்கள் வரைந்த தென்னிந்தியச் செடிகளின் படங்கள் இந்தப் பூங்காவின் சேகரிப்பில் பாதுகாக்கப்படுகின்றன. அந்த இருவரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மே மாதம் மலை ஏறுங்கள். ஆர்தர்ஸ் சீட் என்பது ஹோலிரூட் பூங்காவின் நடுவே 251 மீட்டர் உயரத்தில் நிற்கும் அணைந்த எரிமலை. அது எரிந்து ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகள் ஆகின்றன. உச்சிக்குப் பல வழிகள் இருந்தாலும், முதல் முறை கிழக்குப் பக்கத்தில் உள்ள டன்சாபி ஏரியிலிருந்து ஏறுவதே நல்லது. புல்சரிவில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் உச்சியை அடைந்துவிடலாம். மேற்குப் பக்கத்துக் கற்படிகள் செங்குத்தானவை. உச்சிப் பாறை எண்ணற்ற கால்கள் பட்டு மெருகேறிப் பளபளப்பாக இருக்கும். ஈரமாக இருந்தால் கையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். காற்று பலமாக வீசும் நாளில் கடைசி ஏற்றத்தை விட்டுவிட்டுக் கீழே புல்வெளியிலேயே நின்றுவிடுங்கள், காட்சியில் பெரிய குறை ஒன்றும் வராது.

ஏறும் வழியில் முட்புதர்களில் அடர்மஞ்சள் பூக்கள் செறிந்திருக்கும். அதன் பெயர் கோர்ஸ். வெயில் பட்ட பிற்பகலில் அதன் அருகே போனபோது எனக்குச் சட்டென்று தேங்காய் மணத்தது. யாராவது தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. பூவுக்கே அந்த மணம். முள்ளில் படாமல் இரண்டு விரலால் ஒரு பூவை மெல்லக் கசக்கி மூக்கருகே கொண்டுபோங்கள்: துருவிய தேங்காயை இளஞ்சூட்டில் வறுக்கும்போது எழும் அதே இனிய மணம், வடகடல் காற்றோடு கலந்து வரும். வீட்டு நினைவு வாட்டும் நாளில் நான் இதற்காகவே மலையேறியிருக்கிறேன்.

மலையின் மேற்கே அரிவாள்போல வளைந்து நிற்பது சாலிஸ்பரி கிராக்ஸ். பாறைக்குழம்பு பழைய படிவப் பாறைகளுக்கிடையே புகுந்து உறைந்ததை இங்கேதான் நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் 18ஆம் நூற்றாண்டில் கண்டு காட்டினார். பூமியின் வயது மனிதர் எண்ணியதைவிடப் பன்மடங்கு அதிகம் என்ற அவரது முடிவுக்கு இந்தப் பாறையும் ஒரு சான்று. அதன் அடிவாரப் பாதையான ராடிகல் ரோடு, 2018-இல் பாறைகள் சரிந்ததை அடுத்து மூடப்பட்டது. வேலியோ அறிவிப்போ இருக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகிறார்கள் என்பதற்காக நீங்களும் போக வேண்டாம்.

இறங்கும்போது தெற்குப் பக்கமாக டடிங்ஸ்டன் கிராமத்துக்கு வாருங்கள். ஏரிக்கரையில் தேவாலயத்தை ஒட்டி டாக்டர் நீல்ஸ் கார்டன் என்ற தோட்டம் இருக்கிறது. மருத்துவர்களாக இருந்த ஒரு தம்பதியர் பாறைச் சரிவைத் திருத்தித் தங்கள் கையால் உருவாக்கியது. நாணலுக்குள் சாம்பல் நாரை நிற்கும். இங்கே சத்தமாகப் பேசாமல் இருப்பதே மரியாதை.

கோடை: மாலைகளும் ஒரு தீவும்

கோடையில் வேலை முடிந்த பிறகும் நான்கு மணி நேரம் வெளிச்சம் மிச்சமிருக்கும். நூற்று மூன்று மீட்டர் உயரமே உள்ள கால்டன் குன்றில் ஏற பத்து நிமிடம் போதும். 1826-இல் கட்டத் தொடங்கி, பணம் தீர்ந்து 1829-இல் நின்றுபோன தேசிய நினைவுச்சின்னத்தின் 12 தூண்களுக்கிடையே பத்து மணிச் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் பகல் முழுவதும் வெயில் அடித்தும் மாலையில் கடலிலிருந்து ஒரு வெண்மூட்டம் புரண்டு வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும் நாள்களும் உண்டு. சூடான காற்று குளிர்ந்த வடகடலின்மேல் படும்போது உண்டாகும் இந்த மூடுபனிக்கு ஹார் என்று பெயர். கிழக்குக் காற்று வீசினால் எதிர்பார்க்கலாம். கரையோரம் ஹார் மூடியிருக்கும்போது உள்நாட்டுப் பக்கம் பெரும்பாலும் வெயில்தான், எனவே அன்று பென்ட்லண்ட் குன்றுகளுக்குப் பேருந்து ஏறுங்கள். அங்கே ஆடுகள் மேயும்; ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்த நிலங்களில் பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. நீங்கள் திறந்த கதவை மூடிவிட்டுப் போவதும், குட்டியோடு இருக்கும் ஆட்டை விட்டு விலகி நடப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். உயர்ந்த புல்லிலும் பெரணியிலும் உண்ணி இருக்கும். காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டு, வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைப் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிராமண்ட் தீவுக்குப் போவோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கடல் வற்றும்போது மட்டும் கரையிலிருந்து தீவுக்கு ஒரு பாதை வெளிப்படும். இரண்டாம் உலகப்போரில் சிறு படகுகளைத் தடுக்க நட்ட கூரிய கான்கிரீட் தூண்கள் அதன் ஓரமாக வரிசையாக நிற்கும். நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் மட்டுமே கடப்பது பாதுகாப்பு. அந்த நேரம் நாள்தோறும் மாறும், கரையில் உள்ள பலகையில் அன்றைய நேரங்கள் எழுதியிருக்கும். பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கைப்பேசியில் மணி வைத்துவிடுங்கள். ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஒருவர் இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லி உட்கார்ந்திருந்தார். பாதையின் நடுவே வந்தபோது இரு பக்கத்து நீரும் மெல்ல, சத்தமே இல்லாமல் ஓரக் கற்களை நனைத்துக்கொண்டிருந்தது. ஓடித்தான் கரை சேர்ந்தோம். தீவில் சிக்கிக்கொண்டால் நீந்தவோ நீரில் நடக்கவோ முயலாமல், 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள். உயிர்காப்புப் படகு வந்து அழைத்துப் போகும்.

ஆகஸ்ட் மாதம் கலைவிழாக் காலம். 1947 முதல் நடந்துவரும் இவ்விழாவுக்காக உலகமே வந்து ராயல் மைலில் நிற்கும்; பிற்பகலில் அங்கே நடக்க முடியாது. ஆனால் அதே சாலையில் காலை ஆறு மணிக்கு, இரவு ஒட்டிய சுவரொட்டிகள் காற்றில் படபடக்க, ஒருவர்கூட இல்லாமல் நடக்கலாம். சூரியன் அப்போது ஏறியிருக்கும்.

செப்டம்பர் நடுவில், பெரும்பாலும் காலை வேளையில், தலைக்கு மேலே நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோன்ற ஓசை கேட்டால் அண்ணாந்து பாருங்கள். ஐஸ்லாந்திலிருந்து குளிர்காலத்துக்காக வரும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் அம்புமுனை வடிவில் போய்க்கொண்டிருக்கும். அந்த வாரமே பலெர்னோ பேருந்தைப் பிடித்துவிடுங்கள். சூரியன் ஏழரை மணிக்கு மறையும், ஸ்லேட்ஃபோர்டு வரை நிதானமாக நடந்துவர நேரம் இருக்கிறது.